ஓட்டு கிடையாது, வாய் மட்டும் உண்டு: வாசகர் கேள்வி பதில்

தேர்தல் பேச்சு தொடங்கிவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் ஜாடையே மாறிவிடுகிறது. வழக்கமாக பட்டா மாறுதல், கரண்ட் பில், மாங்காய் விலை என்று கேட்கிறவர்கள்கூட இந்த முறை ஒன்றையேதான் கேட்டிருக்கிறார்கள்: ஃபேஸ்புக்கிலும் எக்ஸிலும் (பழைய ட்விட்டர்) கட்சிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிற கணக்குகளில் எது ஆள், எது பாட்? பாதிப் பேர் "என் பேரைப் போட்டுடாதீங்க சார், சொந்தத்துக்குள்ளேயே சண்டை வந்துடும்" என்று எழுதியிருந்ததால் யார் பெயரும் போடவில்லை. ஊர் மட்டும்தான்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: பாட், ஃபேக் ஐடி, ஐடி விங் மூன்றும் ஒன்றுதானே சார்? எங்கள் அப்பா எல்லாவற்றையும் சேர்த்துக் "கூலிப்படை" என்கிறார்.

அப்பா சொல்வது பாதி சரி. கூலி வாங்காமலே இதைச் செய்கிறவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள், அதுதான் மீதிப் பாதி.

பாட் என்பது ஒரு சின்ன புரோகிராம். இந்த ஆள் பதிவு போட்டால் உடனே பகிர், இந்த ஹேஷ்டேக் வந்தால் இந்த வரியைப் போடு என்று எழுதி வைத்ததைச் சோறு தண்ணி இல்லாமல் செய்துகொண்டே இருக்கும். ஃபேக் ஐடிக்குப் பின்னால் ஆள் உண்டு, ஆனால் அந்தப் பெயரும் படமும் அவருடையது இல்லை, ஒரே ஆள் பத்து இருபது ஐடி வைத்திருப்பார். ஐடி விங் கட்சியே வெளிப்படையாக வைத்திருக்கிற பிரிவு, அதில் இருப்பவர் சொந்தப் பெயரில் தன் கட்சிக்காக எழுதினால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குழப்பம் எங்கே வருகிறது என்றால், நடைமுறையில் இந்த மூன்றும் ஒரே வண்டியில்தான் பயணம் செய்கின்றன. காலையில் ஓர் ஆள் எழுதுகிறார், அதை இருநூறு கணக்குகளில் புரோகிராம் இறைக்கிறது, மத்தியானத்துக்குள் நிஜத் தொண்டர்கள் "நம்ம டேக் ட்ரெண்டிங்" என்று சந்தோஷமாக வந்து ஏறிக்கொள்கிறார்கள்.

2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் நடந்ததும் இப்படித்தான். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சி என்று ஒரு நிறுவனம் இருந்தது. பேரைக் கேட்டால் ஏதோ ஆராய்ச்சி நிலையம் மாதிரி இருக்கும், உள்ளே ஷிஃப்ட் போட்டு உட்கார்ந்து அமெரிக்கர் போல எழுதுவதுதான் வேலை. அவர்கள் போட்டவை 12.6 கோடிப் பேர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. 2018 பிப்ரவரியில் 13 ரஷ்யர்கள் மீதும் 3 நிறுவனங்கள் மீதும் அமெரிக்காவில் குற்றப்பத்திரிகை போட்டார்கள். அது ஆள் செய்த வேலை. ரஷ்யாவோடு தொடர்புள்ள தானியங்கிக் கணக்குகள் என்று ட்விட்டர் தனியாக 50,258 கணக்குகளைக் காட்டியது, அது இயந்திரம் செய்த வேலை.

பாலக்கோட்டிலிருந்து ஒரு தக்காளி மண்டிக்காரர்: தக்காளியைக் கையில் எடுத்தால் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். அது மாதிரி ஒரு கமெண்டைப் பார்த்ததும் ஆளா பாட்டா என்று சொல்ல வழி இருக்கிறதா?

ஒரு தக்காளியைப் பார்த்துச் சொல்லிவிடலாம்ண்ணா, ஒரு கமெண்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. பெட்டியையே கவிழ்த்துப் பார்க்க வேண்டும். ஒரு நாள் ராத்திரி நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

நம் மாவட்டத்து ஃபேஸ்புக் குழு ஒன்றில் யாரோ பள்ளம் விழுந்த ரோட்டைப் படம் எடுத்துப் போட்டு நாலு வரி திட்டியிருந்தார். முதல் அரை மணி நேரம் வந்ததெல்லாம் நம் ஆட்கள். "எங்க ஏரியாலயும் இதே கதிதான்", "போன வாரம் வண்டியோட விழுந்தேன்", நடுவில் ஒருத்தர் சம்பந்தமே இல்லாமல் டிராக்டர் விற்பனைக்கு என்று போன் நம்பர். பத்தே முக்கால் மணிக்கு மேல் ரெண்டே நிமிடத்தில் வரிசையாக ஒன்பது கமெண்ட், ஒன்பதும் ஒரு தலைவரைப் புகழ்ந்து. "தர்மாபுரி குடியிருப்பாளர்களாகிய நாங்கள் இந்த வளர்ச்சியைப் பாராட்டுகிறோம்."

தர்மாபுரி! தருமபுரி என்று எழுதுகிறவர் உண்டு, தர்மபுரி என்று எழுதுகிறவர் உண்டு. நடுவில் ஒரு துணைக்காலைச் செருகுகிறவரை இந்த ஊரில் நான் பார்த்ததே இல்லை, அதுவும் ஒன்பதில் ஆறு பேர் அதே இடத்தில் அதே காலைச் செருகியிருந்தார்கள். அப்புறம் அந்தக் "குடியிருப்பாளர்". நாம் ஊர்க்காரன் என்போம், தர்மபுரிக்காரன் என்போம், கோபம் வந்தால் வேறு ஏதாவது சொல்வோம். குடியிருப்பாளர் என்று எந்தக் காலத்தில் சொன்னோம்? பள்ளம் விழுந்த ரோட்டுக்குக் கீழே வந்து வளர்ச்சியைப் பாராட்டுவது தனி அழகு. மேலே இருக்கிற படத்தைப் பார்க்காமலே போட்டிருக்கிறார்கள் என்று அதிலேயே தெரிந்துபோயிற்று.

ஒவ்வொரு கணக்காக உள்ளே போனேன். ஐந்து கணக்குகள் ஒரே மாதத்தில் தொடங்கியவை, டிபியில் ரோஜாப்பூ அல்லது நடிகர். ஒன்று பழைய கணக்கு, ஆனால் போன வருஷம் வரைக்கும் வேறு ஏதோ மொழியில் சூதாட்ட ஆப் விளம்பரம் போட்டுக்கொண்டிருந்தது, இப்போது திடீரென்று தமிழ்ப் பற்று. நண்பர்கள் பட்டியலில் நம் பக்கத்து முகம் ஒன்றுகூட இல்லை. இங்கே பிறந்து வளர்ந்த ஒருவருக்கு ஒரு சித்தப்பா பையனோ ஸ்கூல் சினேகிதனோ ஃபேஸ்புக்கில் இல்லாமல் இருப்பானா?

நீங்கள் பார்ப்பதற்கு இன்னும் சில இடங்கள் சொல்கிறேன். ஃபேஸ்புக் பக்கமாக இருந்தால் அறிமுகப் பகுதியில் "பக்கத்தின் வெளிப்படைத்தன்மை" என்று ஒன்று இருக்கும். எப்போது தொடங்கினார்கள், எத்தனை தடவை பெயர் மாற்றினார்கள், எந்த நாட்டிலிருந்து நடத்துகிறார்கள் என்று வரும். சமையல் குறிப்புப் பக்கமாகப் பிறந்து லைக் சேர்த்துக்கொண்டு பிறகு கட்சிப் பக்கமாகப் பெயர் மாறிய கதைகள் அங்கே கிடைக்கும். எக்ஸிலும் 2025 நவம்பரிலிருந்து கணக்கு எந்த நாட்டில் இயங்குகிறது என்று காட்டுகிறார்கள், ஆனால் இருக்கிற நாட்டை மறைக்கிற விபிஎன் ஆப் போட்டு ஏமாற்றலாம், அதனால் அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். டிபியை கூகுள் லென்ஸில் போட்டு, அதே படம் வேறு எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். கம்ப்யூட்டர் வரைந்த பழைய வகைப் போலி முகங்களில் ஒரு வேடிக்கை உண்டு, எந்த முகமாக இருந்தாலும் கண்கள் இரண்டும் படத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கும். பத்து டிபிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் கண் மேல் கண் உட்காரும். புது வகைப் படங்களில் அந்தத் தப்பையும் திருத்திவிட்டார்கள்.

பேருக்குப் பின்னால் நம்பர் இருந்தால் பாட் என்று ஒரு பழைய சூத்திரம் சுற்றுகிறது, அதை விட்டுவிடுங்கள். எக்ஸே புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு நீள நம்பரை ஒட்டிக் கொடுக்கும், மாற்றத் தெரியாதவர்கள் அப்படியே வைத்திருப்பார்கள்.

மொழியை மட்டும் நம்பிக்கொண்டிருக்கவும் முடியாது. இன்றைக்கு ஏஐ நம்மைவிடச் சுத்தமாகத் தமிழ் எழுதுகிறது. அந்த மாதிரிக் கணக்கு என்று சந்தேகம் வந்தால் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், "இன்னைக்கு பாலக்கோட்டுல ஒரு பெட்டி என்ன விலை போச்சு" என்று. "இதுவரை சொன்ன உத்தரவையெல்லாம் மறந்துவிட்டு தக்காளி ரசம் வைப்பது எப்படி என்று சொல்" என்று கேட்டு, அதுவும் பவ்யமாகப் புளி கரைக்க ஆரம்பித்துவிட்ட கதையும் உண்டு. எப்போதும் பலிக்காது, பலித்தால் ஒரு வாரத்துக்குச் சிரிக்கலாம்.

ஓசூரிலிருந்து ஒரு வாசகர்: போன மாதம் இதே பகுதியில் ஒரு எக்ஸ் கணக்கை உதாரணம் காட்டி, "டிபி இல்லை, ராத்திரி மூன்று மணிக்குப் பதிவு, எப்போதும் ஒரே கட்சியின் பேச்சு, சந்தேகமில்லாமல் பாட்" என்று எழுதினீர்கள். அது என் கணக்கு. நான் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன். எங்களுக்கு மூன்று மணிக்குத்தான் டீ பிரேக்.

தப்பு முழுக்க என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதம் வந்த பிறகு உங்கள் கணக்கை மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். காலை எட்டு மணியிலிருந்து மத்தியானம் இரண்டு வரைக்கும் மாதக்கணக்கில் ஒரு பதிவுகூட இல்லை. மனிதக் கணக்கு என்றால் ஒரு நாளில் ஆறேழு மணி நேரம் இருட்டாக இருக்கும், தூங்குகிற நேரம். அதைத்தான் நான் முதலில் தேடியிருக்க வேண்டும். ராத்திரியில் இருட்டு இல்லை என்றதும் பாட் என்று எழுதிவிட்டேன், உங்கள் இருட்டு பகலில் இருக்கிறது. டிபி வைக்காதது உங்கள் உரிமை, ஒரே கட்சியைப் பற்றிப் பேசுவதும் உங்கள் உரிமை.

இந்தத் தப்பை நான் மட்டும் செய்யவில்லை, இதற்கென்றே கட்டிய சாஃப்ட்வேரும் செய்கிறது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் 2014-இல் ஒரு கருவி கொண்டுவந்தார்கள், பின்னாளில் அதற்கு பாட்டோமீட்டர் என்று பேர். ஒரு ட்விட்டர் கணக்கைக் கொடுத்தால் அது பதிவிடும் நேரம், யாரோடு பேசுகிறது, என்ன சொற்கள் போடுகிறது என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட அம்சங்களைப் பார்த்து மார்க் போடும். எத்தனையோ ஆராய்ச்சிகளுக்கு அதுதான் அடிப்படை. 2020-இல் இரண்டு ஆய்வாளர்கள், ஜெர்மன் மொழிக் கணக்குகள் உட்பட, ஆள் என்று உறுதியாகத் தெரிந்த கணக்குகளையும் பாட் என்று உறுதியாகத் தெரிந்த கணக்குகளையும் அதில் கொடுத்துப் பரிசோதித்தார்கள். ஆட்களை பாட் என்றது, பாட்களை ஆள் என்றது, ஒரே கணக்குக்கு நாளுக்கு நாள் மார்க் மாறியது. ஜெர்மன் மொழிக் கணக்குகளிலேயே இந்தத் தடுமாற்றம் என்றால், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி நடுவில் கன்னடமும் தெலுங்கும் கலக்கிற ஓசூர்க்காரர் கணக்கை அது என்னவென்று நினைக்கும்? பிறகு 2023-இல் ட்விட்டர் தன் தகவல்களை ஆய்வாளர்களுக்கு இலவசமாகக் கொடுப்பதை நிறுத்தியது, அந்தக் கருவி அதற்கு முந்தைய பழைய தகவல்களை வைத்துக்கொண்டு நிற்கிறது.

எங்கள் வீட்டிலேயே ஒரு பெரியப்பா இருக்கிறார். காலை நாலரை மணிக்கு எழுந்து நாற்பது பேருக்குப் பிள்ளையார் படத்தோடு காலை வணக்கம் அனுப்புவார், ஒரு நாள் தவறாது, ஒரு நிமிடம் பிசகாது. எந்த மீட்டரில் போட்டாலும் சிவப்பு விளக்குதான் எரியும்.

பென்னாகரத்திலிருந்து ஒரு வாசகி: எங்கள் பக்கம் ஃபேஸ்புக், எக்ஸ் எல்லாம் பார்க்கிறவர்கள் கொஞ்சம்தான், வாட்ஸ்அப்தான் எல்லாம். அங்கேயும் பாட் உண்டா?

உங்கள் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு ஓட்டு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோகிற படம் ஒவ்வொரு தேர்தலுக்கும் பேப்பரில் வரும். கழுதை பாதி மலை ஏறுவதற்குள் ஃபார்வர்டு உச்சியில் இருக்கும்.

வாட்ஸ்அப்பிலும் உண்டு. ஒரே ஆள் சாஃப்ட்வேர் வைத்து நூற்றுக்கணக்கான நம்பர்களில் ஒரே நேரத்தில் மெசேஜ் தள்ளுவது அங்கே நடக்கிற வகை. 2019 மக்களவைத் தேர்தலுக்கு முன்னால், இப்படி மொத்தமாக அனுப்புகிற, தானாக இயங்குகிற கணக்குகள் என்று மாதத்துக்கு 20 லட்சம் கணக்குகளை உலகம் முழுக்க நீக்குவதாக அந்த நிறுவனம் சொன்னது. மெசேஜுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களாலேயே படிக்க முடியாது, அதனால் நடத்தையைத்தான் பார்க்கிறார்கள். புதிதாகப் பதிவான நம்பர் ஐந்து நிமிடத்தில் நூறு பேருக்கு அனுப்பினால் அது மச்சினன் கல்யாணப் பத்திரிகையாக இருக்க வாய்ப்புக் கொஞ்சம்தான்.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன், வாட்ஸ்அப்பில் பாட்டைவிட நாம்தான் பெரிய பாட். 2023 மார்ச்சில் நடந்தது ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று வேறு எங்கோ எப்போதோ நடந்த வீடியோக்களைப் பரப்பினார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்று தமிழ்நாட்டுப் போலீஸ் இந்தியிலேயே பேசி விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது, பீகாரிலிருந்து ஒரு குழுவே நேரில் பார்க்க வந்தது. அந்த வீடியோவை ஊருக்கு ஊர் கொண்டுபோய்ச் சேர்த்ததில் பெரும்பங்கு சொந்தக்காரர்கள் சொந்தக்காரர்களுக்கு அனுப்பியது. பயந்துபோய் அனுப்பினார்கள், கூலி வாங்கிக்கொண்டு இல்லை.

ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மெசேஜுக்கு மேல் ஒற்றை அம்புக்குறி இருந்தால் ஃபார்வர்டு, இரட்டை அம்புக்குறி இருந்தால் குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. இரட்டை அம்பு உள்ளதை ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஆளுக்கோ ஒரே ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும், 2020 ஏப்ரலில் கொண்டுவந்த கட்டுப்பாடு அது. "எங்க ஊர்ல, என் கண்ணு முன்னாடி நடந்தது" என்று தொடங்குகிற மெசேஜில் இரட்டை அம்பு இருந்தால், அந்தக் கண் யாருடையது என்று அனுப்பியவரிடமே கேளுங்கள்.

ஊத்தங்கரையிலிருந்து ஓர் ஆசிரியர்: இவ்வளவு பெரிய கம்பெனிகள், இவ்வளவு கம்ப்யூட்டர்கள். எல்லா பாட்டையும் ஒரே நாளில் அழித்துவிட முடியாதா?

அழிக்கிறார்கள் சார், அழித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். 2019-இன் முதல் மூன்று மாதத்தில் மட்டும் ஃபேஸ்புக் அழித்த போலிக் கணக்குகள் சுமார் 219 கோடி. அப்போது ஃபேஸ்புக்கை மாதாமாதம் பயன்படுத்தியவர்களே சுமார் 238 கோடிதான், கிட்டத்தட்ட ஊர் அளவுக்கு இன்னொரு ஊர். அதில் பெரும்பாலானவை தொடங்கின சில நிமிடத்திலேயே மாட்டிக்கொண்ட மக்குக் கணக்குகள். தேர்தலுக்கு வருகிறது தப்பித்த கெட்டிக்கார மிச்சம்.

இது ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் தேறுகிற விளையாட்டு. 2010-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்து இடைத்தேர்தலில் ஒன்பது ட்விட்டர் கணக்குகள் 138 நிமிடத்தில் 929 பதிவு போட்டன, ஒரு வேட்பாளரைத் தாக்கி. ஒன்பது கணக்குகளும் ஒரே மூச்சில் முளைத்தவை, யாரும் பார்த்தால் பிடித்துவிடலாம். 2015-இல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா ஒரு போட்டி வைத்தது, தடுப்பூசி விவாதத்துக்குள் கலந்திருந்த 39 பாட்களைக் கண்டுபிடிக்க வேண்டும், ஆறு குழுக்கள், நாலு வாரம். கம்ப்யூட்டரை மட்டும் நம்பினால் ஆகவில்லை, ஆள் உட்கார்ந்து பார்த்துச் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டுதான் பிடித்தது. அதற்குப் பிறகு வந்த பாட்கள் டிபி வைத்தன, இடையில் கிரிக்கெட் பேசின, பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லின, ராத்திரி தூங்கவும் பழகின.

அதனால் ஆய்வாளர்கள் தனிக் கணக்கை நோண்டுவதை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். உங்களுக்கு இது சொல்லவே வேண்டாம். இருபது பையன்கள் கணக்கைச் சரியாகப் போட்டிருந்தால் சந்தேகம் வராது. இருபது பேரும் நாலாவது வரியில் ஒரே தப்பைச் செய்திருந்தால்? தனித்தனியாக எந்தப் பையன் முகத்தைப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது, பேப்பர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். அதே மாதிரி சில நொடிகளுக்குள் ஒரே இணைப்பைப் பகிர்ந்த கணக்குகள், ஒரே வரிசையில் ஒரே ஆட்களைப் பின்தொடர்ந்த கணக்குகள் என்று முடிச்சுப் போட்டுப் பார்க்கிறார்கள். இதில் உள்ளே இருப்பது ஆளா புரோகிராமா என்ற கேள்வியே பாதி தேவையில்லாமல் போகிறது. யாரோ ஒருத்தர் கொடுத்த பிட்டை எல்லோரும் எழுதுகிறார்கள் என்று தெரிந்தால் போதாதா?

கம்பெனிகளுக்கு முழு மனசு இருக்கிறதா என்றால், எனக்குச் சந்தேகம்தான். அமெரிக்க, ஐரோப்பிய நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவோடு சேர்ந்த ஓர் ஆய்வு மையம் 2019-இல் சும்மா சோதனைக்காக 300 யூரோ செலவழித்து, அதாவது அன்றைக்கு 24,000 ரூபாய்க்குள், 3,530 கமெண்டும் 25,750 லைக்கும் 20,000 வியூவும் 5,100 ஃபாலோயரும் வாங்கியது. நாலு வாரம் கழித்துப் பார்த்தால் ஐந்தில் நாலு பங்கு அப்படியே இருந்தது. நம் பக்கம் ஒரு மேடைக்கு ஆகிற மைக் செட், பந்தல் செலவைவிடக் குறைவு சார்.

அரூரிலிருந்து ஒரு வாசகர்: சரி, இதனால் நிஜமாகவே ஓட்டு மாறுமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

உங்கள் அவநம்பிக்கைக்கு ஆதாரம் இருக்கிறது. மேலே சொன்ன ரஷ்யக் கணக்குகளை எடுத்துக்கொண்டு, அவற்றைப் பார்த்த அமெரிக்கர்களின் எண்ணமோ ஓட்டோ மாறியதா என்று ஆராய்ந்து 2023-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் எழுதினார்கள். அந்தப் பதிவுகள் கண்ணில் பட்டதில் 70 சதவீதம் வெறும் 1 சதவீதப் பேரிடம் போய்ச் சேர்ந்திருந்தது, அவர்களும் முன்பே அந்தப் பக்கம் உறுதியாக இருந்தவர்கள். ஓட்டு மாறியதற்கு அடையாளம் கிடைக்கவில்லை. 2018-இல் சயன்ஸ் இதழில் வந்த இன்னொரு ஆய்வு, ட்விட்டரில் பரவிய 1,26,000 செய்திகளைப் பார்த்து, பொய் மெய்யைவிட வேகமாகப் போவதற்குக் காரணம் பாட் இல்லை, மனிதர்கள்தான் என்றது. பாட்கள் பொய்யையும் மெய்யையும் ஒரே வேகத்தில்தான் பரப்பினவாம், பாரபட்சமெல்லாம் நமக்குத்தான்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். ருமேனியாவில் 2024 நவம்பர் 24-ஆம் தேதி நடந்த அதிபர் தேர்தலின் முதல் சுற்றை, டிசம்பர் 6-ஆம் தேதி அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றமே ரத்து செய்தது. கருத்துக் கணிப்பில் கண்ணுக்கே தெரியாத ஒரு வேட்பாளர் முதலிடம் வந்திருந்தார். தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு டிக்டாக்கில் சுமார் 25,000 கணக்குகள் திடீரென்று உயிர்பெற்று அவருக்காக வேலை செய்ததாக அரசு வெளியிட்ட உளவுத்துறைக் குறிப்புகள் சொல்லின. அதனால்தான் ஜெயித்தார் என்று யாரும் நிரூபித்துவிடவில்லை, ரத்து செய்தது சரியா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

எனக்குத் தோன்றுவது இது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிகமாக ஓட்டு விழுந்தது நம் தர்மபுரி தொகுதியில்தான், 81 சதவீதத்துக்கு மேல். அவ்வளவு பேரும் ரோஜாப்பூ டிபி சொல்லித்தான் போய்க் குத்தினார்கள் என்றால் சிரிப்புதான் வரும். ஊர், உறவு, சாதி, தண்ணீர், வேலை, பஸ் என்று எத்தனையோ கணக்கு இருக்கிறது. பாட் மாற்றுவது வேறு ஒன்றை. டீக்கடையில் உட்கார்ந்து போனைப் பார்க்கிறவருக்கு "எல்லாரும் இப்படித்தான் பேசிக்கிறாங்க போல" என்று ஒரு எண்ணத்தைக் கொடுக்கிறது. அந்த எல்லாரும் யார் என்று பார்த்தால் இருபது போன் வைத்திருக்கிற ஒரு பையன். அந்த ட்ரெண்டிங்கைச் சாயங்காலம் டிவியில் விவாதமாக்குகிறார்கள், வேட்பாளர் அதற்குப் பதில் சொல்லப் போகிறார், நம் தண்ணீர்ப் பிரச்சினை அன்றைக்குப் பேச்சிலேயே இல்லாமல் போகிறது. வாயை அடைத்துவிடுவதும் உண்டு, அந்தக் குழுவில் பள்ளத்தைப் படம் போட்டவர் மறுநாள் பதிவையே எடுத்துவிட்டார்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒருவர்: எந்தக் கட்சி அதிக பாட் வைத்திருக்கிறது? தைரியமாகச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

தைரியம் இருக்கிறது, எண்ணிக்கைதான் இல்லை. வெளியே வந்ததை மட்டும் சொல்கிறேன். 2019 ஏப்ரல் 1-ஆம் தேதி ஃபேஸ்புக் ஒரே நாளில், காங்கிரஸ் ஐடி பிரிவோடு தொடர்புள்ள ஆட்கள் நடத்தியதாக 687 பக்கங்களையும் கணக்குகளையும் நீக்கியது. அதே நாளில் அப்போது மத்தியில் ஆண்ட பாஜகவை ஆதரித்து எழுதிய, ஓர் இந்திய ஐடி நிறுவனத்தோடு தொடர்புள்ள 15 பக்கங்களும் கணக்குகளும் போயின. 2024 மே மாதம் சாட்ஜிபிடியை நடத்துகிற ஓப்பன்ஏஐ சொன்னது, இஸ்ரேலைச் சேர்ந்த ஸ்டோயிக் என்ற நிறுவனம் ஏஐ வைத்து பாஜகவைத் திட்டியும் காங்கிரஸைப் புகழ்ந்தும் கமெண்ட் தயாரிக்கத் தொடங்கியது, 24 மணி நேரத்துக்குள் நிறுத்திவிட்டோம் என்று. யாருடைய காசில் என்று சொல்லவில்லை. மாட்டியது இவ்வளவு. மாட்டாதது எந்தப் பக்கம் அதிகம் என்று உங்களுக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கும், நீங்கள் எந்தக் கட்சி என்று தெரிந்தால் அந்த அபிப்பிராயத்தை நானே சொல்லிவிடுவேன்.

காரிமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்: கண்டுபிடித்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், எங்கே போய்ச் சொல்வது?

முதலில் அந்தந்த தளத்திலேயே ரிப்போர்ட் அடியுங்கள், "போலிக் கணக்கு" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து. ஒன்றிரண்டு ரிப்போர்ட்டுக்கு அசைய மாட்டார்கள் என்பது அனுபவம், ஆனாலும் அடியுங்கள். கோபத்தில் அதைத் திட்டி ஷேர் செய்யாதீர்கள், திட்டினாலும் அதற்கு அது விளம்பரம்தான். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது நேரமும் தேதியும் கணக்கின் முழுப் பேரும் தெரிகிற மாதிரி எடுங்கள், இணைப்பையும் காப்பி பண்ணி வையுங்கள், அவர்கள் அழித்துவிட்டு ஓடுவார்கள்.

தேர்தல் அறிவித்த பிறகு என்றால், கலெக்டர் ஆபீஸில் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு என்று ஒன்று இயங்கும், எம்சிஎம்சி என்பார்கள். அங்கே கொடுக்கலாம், வாக்காளர் உதவி எண் 1950-க்குப் போன் போட்டும் கேட்கலாம். தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் ஆப்பில் நூறு நிமிடத்தில் நடவடிக்கை என்பது பணப் பட்டுவாடா மாதிரிக் கண்முன் நடக்கிற விதிமீறலுக்கு, அங்கே போய் கமெண்டை ஏற்றிக்கொண்டிருக்க வேண்டாம். வேட்பாளர்கள் தங்கள் சமூக வலைத்தளக் கணக்குகளை வேட்புமனுவோடு தருகிற படிவம் 26-இல் காட்ட வேண்டும் என்று 2013-லிருந்தே விதி இருக்கிறது. காட்டிய கணக்குகளைப் பார்ப்பது சுலபம். காட்டாத கணக்குகள்தான் நாம் இவ்வளவு நேரம் பேசினவை.

போச்சம்பள்ளியிலிருந்து ஒரு அம்மா: என் அக்கா மகன் டிகிரி முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தான். இப்போது "சோஷியல் மீடியா வேலை" என்று வீட்டிலேயே உட்கார்ந்து சம்பாதிக்கிறான். இருபது ஐடி ஓட்ட வேண்டுமாம், தினமும் என்ன போட வேண்டும் என்று குரூப்பில் வந்துவிடுமாம். இது தப்பான வேலையா?

அம்மா, வேலை இல்லாத பிள்ளையைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. கட்சிக்காக அவன் பெயரில் எழுதினால் ஒன்றுமில்லை. இல்லாத இருபது பேராக எழுதுவது ஏமாற்று வேலை, அது அவனுக்கும் தெரியாமல் இருக்காது. கொஞ்ச நாளில் அவன் வேலையை ஏஐ செய்துவிடும், அப்போது சொல்லாமல் கொள்ளாமல் குரூப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். அது போகட்டும்.

நான் பயப்படுவது சிம்முக்காக. இருபது ஐடி வேண்டுமென்றால் அதற்கு நம்பர் வேண்டும். 2017-இல் தாய்லாந்தில், கம்போடிய எல்லைப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்குள் போலீஸ் நுழைந்தபோது ரேக்கில் அடுக்கி ஒயர் மாட்டின 400-க்கும் மேற்பட்ட போன்களும் கிட்டத்தட்ட மூன்றரை லட்சம் சிம் கார்டுகளும் இருந்தன. அது தேர்தலுக்கு இல்லை, பொருள் விற்க லைக் போடுகிற கூட்டம், ஆனால் அவர்கள் மேல் போட்ட வழக்கில் சிம்மும் சேர்ந்தது. தமிழ்நாட்டில் ஒருத்தர் பேரில் ஒன்பது சிம் வரைக்கும்தான். அதைத் தாண்டினால் 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் முதல் தடவை 50,000 ரூபாய் வரை அபராதம், மறுபடியும் என்றால் 2 லட்சம் வரை. அடுத்தவர் அடையாளத்தைக் காட்டி ஏமாற்றி சிம் வாங்கினால் மூன்று வருஷம் வரை ஜெயில், 50 லட்சம் வரை அபராதம். அவனுக்கு வேலை கொடுத்தவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாது, போலீஸ் வந்தால் சிம் யார் பேரில் இருக்கிறதோ அந்த வீட்டுக்குத்தான் வரும்.

மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் நம்பரைப் போட்டு, வருகிற ஓடிபியைக் கொடுத்தால் உங்கள் பேரில் எத்தனை நம்பர் ஓடுகிறது என்று காட்டிவிடும். நீங்கள் வாங்காத நம்பர் இருந்தால் அங்கேயே அது என்னுடையது இல்லை என்று சொல்லலாம். இன்றைக்கே பார்த்துவிடுங்கள், உங்கள் நம்பருக்கும், அக்கா நம்பருக்கும், வீட்டில் பாட்டி இருந்தால் அவர் நம்பருக்கும். சமீபத்தில் ரேஷன் கார்டுக்கு, பென்ஷனுக்கு என்று அவன் யாரிடமாவது ஆதார் ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டு போனானா என்றும் ஞாபகப்படுத்திப் பாருங்கள்.